ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டி யார் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார். “என் டாடா ஏஸ் வண்டியை வாடகைக்கு எடுத்துப்போன டிரைவர் கொள்ளிடக் கரையில் கால் யூனிட் மணல் ஏற்றியபோது போலீஸ் வந்துவிட்டது. வண்டியைப் போட்டுவிட்டு அவர் ஓடிவிட்டார். பதினான்கு மாதமாக வண்டி காவல் நிலைய வளாகத்தில் நிற்கிறது. பேட்டரியையும் இரண்டு டயரையும் இப்போது காணோம். கேட்டால் ‘கேஸ் நடக்குது’ என்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ‘விசாரணையில் உள்ளது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஏலம் விடப் போவதாகவும் பேச்சு. விட்டால் எனக்குச் சொல்வார்களா? அந்தப் பணம் எங்கே போகும்?”

பதில்: செய்தித்தாளில் எல்லாமே ‘பறிமுதல்’தான். சட்டத்தில் அப்படி இல்லை. உங்கள் வண்டி இன்றைய தேதிக்குக் கைப்பற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவே. உரிமையாளர் நீங்கள்தான். நீதிமன்றமோ, சட்டம் அதிகாரம் தந்த அலுவலரோ தனியாக ஓர் ஆணை போட்டு அரசுக்குச் சொந்தமாக்கினால்தான் அது பறிமுதல். அந்த ஆணை வந்துவிட்டதா என்பதே நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டாவது, வண்டி நிற்பது போலீஸ் வளாகத்தில் என்றாலும் அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பது நீதிமன்றம். ஆகவே ஸ்டேஷன் வாசலில் நின்று கேட்பதைவிட, நீதிமன்றப் பதிவேட்டில் தேடுவது சீக்கிரம் பலன் தரும்.

தேடுவதற்கு எண் வேண்டும். கைப்பற்றிய இடத்தில் சாட்சிகள் கையெழுத்தோடு எழுதுவது மகஜர். அதன்பின் பொருளின் விவரத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவத்தை ஃபார்ம் 91 அல்லது ஃபார்ம் 95 என்று சொல்வார்கள். அது நீதிமன்றம் போய்ச் சேர்ந்ததும் சொத்துப் பதிவேட்டில் ஏறி ஓர் ஆர்.பி.ஆர். எண் விழும். வண்டியை நீதிமன்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போவதில்லை. காகிதம் மட்டும் போகும், வண்டி நிலையத்திலேயே நிற்கும். அந்தக் காகிதம் போகாமல் தங்கிவிட்டால்தான் சிக்கல். குற்ற எண்ணைச் சொல்லி நீதிமன்ற அலுவலகத்தில் ஆர்.பி.ஆர். எண் கேளுங்கள். இருந்தால் வண்டி கணக்கில் இருக்கிறது. இல்லையென்றால் உங்கள் மனுவின் முதல் வாதமே அதுதான்: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது.

இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. உங்களுக்கு உதவும் பிரிவு 497. பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாளுக்குள் அதன் விவர அறிக்கை தயாராக வேண்டும்; புகைப்படமும் தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வேண்டும்; அதிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைப்பதா, அழிப்பதா, பறிமுதலா, வேறு வழியா என்று ஆணை வர வேண்டும். வழக்கு முடியும்வரை வண்டி கிடந்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விசாரணையில் காட்ட அந்தப் படங்களே போதும் என்று இதே பிரிவு சொல்கிறது. 2002ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுங்கள், நிலையத்தில் நீண்டகாலம் நிறுத்துவதால் யாருக்கும் லாபமில்லை என்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவின் நிலைய வளாகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ரிம் முங்கத் தண்ணீர் நிற்கும். தை பிறப்பதற்குள் பிரேக் டிரம் துருப்பிடித்து இறுகிவிடும்.

ஃபார்ம் போகாத நிலையில் 503ஆம் பிரிவின் கீழ் மனு போடலாம். கவனிக்க வேண்டியது, எந்த நீதிமன்றம் என்பது. எஃப்ஐஆரில் திருட்டுப் பிரிவோடு கனிமங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவும் இருந்தால், அந்தச் சட்டத்துக்கென அறிவிக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றத்தில் போட வேண்டியிருக்கும். மாஜிஸ்திரேட்டிடம் போட்டு மனு திரும்பி வந்து இரண்டு மாதம் போவது அடிக்கடி நடக்கிறது. ஆர்சி, இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்சி (தகுதிச் சான்று), வாடகைக்குக் கொடுத்ததற்கான ஆதாரம் (ஜிபே ரசீது இருந்தாலும் சரி) எல்லாவற்றையும் வைத்துப் போடுங்கள். ஆர்சி வேறு பெயரில் இருந்தால் வண்டி உங்கள் கைக்கு வருவது கஷ்டம். பழைய வண்டி வாங்கி நேம் டிரான்ஸ்ஃபர் செய்யாமல் ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் அந்த நிறுவனமும் வந்து நிற்கும். வண்டியைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்வார்கள், அசல் ஆர்சியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், விற்கவோ உருமாற்றவோ கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்குவார்கள்.

அபராதம் கட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. கனிமக் குற்றத்தை 23ஏ பிரிவில் பணம் கட்டிச் சமாதானம் செய்யலாம். திருட்டு வழக்கு தனியாக நிற்கும். 2020ல் ஜெயந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உங்கள் கடிதத்தில் எங்களுக்குக் கவலை தருவது ‘டிரைவர் ஓடிவிட்டார்’ என்ற வரி. இப்படிப்பட்ட எஃப்ஐஆரில் ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று எழுதியிருக்கும். உரிமையாளரோ, போனால் நம்மைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து அந்தப் பக்கமே போகமாட்டார். உரிமையாளர் தெரியவில்லை என்று காகிதம் நகர்ந்தால் நீதிமன்றம் அறிவிப்பு வெளியிடும். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் யாரும் வந்து உரிமை நாட்டாவிட்டால் 504ஆம் பிரிவின்படி வண்டி அரசின் கைக்குப் போய் ஏலத்துக்கு வழி திறந்துவிடும். நம்பர் பிளேட்டை வைத்து, வண்டிப் பதிவு விவரங்கள் உள்ள அரசின் வாகன் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பெயர் எடுக்கலாம் என்பது உண்மை. எடுத்தார்களா என்பது வேறு விஷயம். ஆகவே ஒதுங்கி இருப்பதுதான் ஆபத்து. உங்கள் பெயர் எஃப்ஐஆரில் வந்திருந்தால் முதலில் முன்ஜாமீன் பற்றி வழக்கறிஞரிடம் பேசிவிட்டு மனு போடுங்கள். வசதி இல்லையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

இனி, தகவல் உரிமை மனு. ‘விசாரணையில் உள்ளது’ என்ற பதில் வந்ததற்கு, கேட்ட விதமும் ஒரு காரணமாக இருக்கலாம். “என் வண்டியை ஏன் இன்னும் விடவில்லை?” என்று கேட்டால் அதற்குப் பதிவேடு கிடையாது, பதிவேட்டில் இருப்பதை மட்டுமே தர வேண்டும். மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, இப்படி எழுதுங்கள்: “இன்ன நிலையக் குற்ற எண் இன்னதில் கைப்பற்றிய, இன்ன பதிவெண் கொண்ட வாகனம் தொடர்பாக: மகஜர் நகல், நீதிமன்றத்துக்கு அனுப்பிய சொத்துப் படிவத்தின் நகல், அனுப்பிய தேதி, நீதிமன்றம் தந்த எண், நிலையச் சொத்துப் பதிவேட்டில் இவ்வாகனத்துக்குரிய பக்கத்தின் நகல், பறிமுதல் அல்லது ஏல நடவடிக்கை தொடங்கியிருந்தால் உரிமையாளருக்கு அனுப்பிய நோட்டீஸ் நகல், அனுப்பிய முகவரி, ஒப்புகை.” நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். முகவரியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆர்சியில் பழைய முகவரி இருந்தால் நோட்டீஸ் அங்கே போய்த் திரும்பிவிடும். கோப்பில் மட்டும் ‘சார்பு செய்யப்பட்டது’, அதாவது உரியவரிடம் சேர்த்தாகிவிட்டது என்று இருக்கும்.

மறுப்புக்கு, புலனாய்வைத் தடுக்கும் தகவலைத் தர வேண்டாம் என்னும் 8(1)(எச்) பிரிவைக் காட்டினால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் காரணமாகாது, தகவல் தந்தால் புலனாய்வு எப்படித் தடைபடும் என்று அலுவலர் காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007ல் பகத் சிங் வழக்கில் சொன்னது; அதை எடுத்துக்காட்டலாம். அதிலும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: நீதிமன்றக் கோப்பில் உள்ள ஆணை நகலுக்குத் தகவல் உரிமை மனு வேண்டாம், சான்றிட்ட நகலுக்கான மனுதான் வழி. 2020ல் உச்ச நீதிமன்றம் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் இதை முடிவு செய்தது.

ஏலத்துக்கு வருவோம். மணல் வழக்கில் கனிமங்கள் சட்டத்தின் 21(4ஏ) பிரிவின்படி பறிமுதல் செய்வது நீதிமன்றம். மது வழக்கு வேறு. காரைக்காலிலிருந்து வாஞ்சூர் வழியாகப் பாட்டில் ஏற்றி வந்து நாகையில் பிடிபடும் வண்டிகளுக்குத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் 14(4) பிரிவு. அங்கே அலுவலரே பறிமுதல் செய்யலாம். ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஏலம் விடுவதாக நாளிதழில் வருகிற அறிவிப்புகளில் பலவும் இந்த வகைதான். எந்த வகையானாலும் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

பணம் போகுமிடம், ஆணையைப் பொறுத்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே நீதிமன்றம் விற்கச் சொன்னால், தொகை குற்றவியல் நீதிமன்ற வைப்பில் நிற்கும்; வழக்கில் ஜெயிப்பவர் அதைத் திரும்பக் கேட்கலாம். பறிமுதலுக்குப் பிறகு விற்றால் செலுத்துச்சீட்டு (சலான்) வழியாகக் கருவூலத்துக்குப் போகும். கணக்குத் தலைப்பு உண்டு: கனிம வரவு 0853, காவல் வரவு 0055, ஆயத்தீர்வை 0039. ஏலம் முடிந்த வண்டிக்கு மதிப்பீட்டுத் தொகை, ஏலத் தொகை, செலுத்துச்சீட்டு எண், தேதி, கணக்குத் தலைப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். ஏல அறிவிப்பு ஊரறிய வருகிறது. எந்த வண்டி எவ்வளவுக்குப் போனது என்ற பட்டியல்தான் பெரும்பாலும் வருவதில்லை. கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைச் சொல்லும் 4ஆம் பிரிவின் கீழ் இந்த ஒரு பக்கப் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் போட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது எங்கள் கருத்து.

காணாமல்போன டயருக்கும் பேட்டரிக்கும் வழி இருக்கிறது. கைப்பற்றிய பொருளைப் பத்திரமாக வைப்பது அரசின் பொறுப்பு என்று 1967ல் மேமன் முகமது வழக்கிலும், போலீஸ் காவலில் தொலைந்த நகைக்கு அரசு பணம் தர வேண்டும் என்று 1977ல் பசவ்வா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அன்று என்ன இருந்தது என்று நீங்கள் காட்டியாக வேண்டும். மகஜரில் “டாடா ஏஸ் ஒன்று, மணலுடன்” என்று மட்டும் இருந்தால் வாதாடுவது கஷ்டம். டயர், ஸ்டெப்னி, பேட்டரி, தார்ப்பாய் எழுதியிருந்தால் நல்லது. இல்லையென்றால் 105ஆம் பிரிவின்படி கைப்பற்றும்போது எடுத்திருக்க வேண்டிய வீடியோவைக் கேளுங்கள். அது மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்க வேண்டும், டயர் அதில் தெரியும். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரைக் கொண்டு பார்வையிட்டு அறிக்கை வாங்கவும், வண்டியைக் கேட்கும் மனுவிலேயே கோரலாம்.

மாட்டு வண்டிக்காரர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். அவர்கள் மகஜரில் மாடு எத்தனை, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். மாட்டுக்கு வைக்கோல் யார் போட்டது என்ற கேள்விக்கு எந்தப் பதிவேடும் பதில் சொல்லாது.

வண்டி எடுக்கப் போகும் நாளில் எஃப்சி முடிந்திருக்கும், பேட்டரி இருக்காது. ஓட்டி வர நினைக்காமல் ரெக்கவரி வண்டியோடு போங்கள். என்ஜின் எண், சேசிஸ் எண்ணை ஆணையோடு ஒப்பிடுங்கள். ஒப்படைப்புக் காகிதத்தில் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்திருந்தால் அதன் கீழேயே, “பேட்டரி, பின் டயர் இரண்டு இல்லாத நிலையில்” என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுதவிடவில்லை என்றால் வாங்காமல் திரும்பி, அன்றே நீதிமன்றத்தில் ஒரு மெமோ கொடுங்கள்.