திடலோரம்: "நம்ம பிள்ளைகளுக்கு வேகம் வராதாமே, டீச்சர்?"

(தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி போதித்து ஓய்வு பெற்ற ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: என் மகள் படிவம் 1 படிக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் 100 மீட்டரில் எப்போதும் அவள்தான் முதல். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பயிற்றுநர் அவளை 1500 மீட்டருக்கு மாற்றிவிட்டார். "இந்தியப் பிள்ளைகளுக்குத் தம் உண்டு, வேகம் வராது. வேகம் கறுப்பினத்தவருக்குப் பிறவியிலேயே வருவது" என்றாராம். அவரும் நம்மவர்தான். இது உண்மையா?
*ஒரு தாய், சுங்கை சிப்புட்*

பதில்: உண்மையில்லை, தங்கச்சி. உங்கள் மகளை ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்தபின் அவர் அப்படிச் சொன்னாரா, முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? முதலில் அதைக் கேளுங்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பா நாளிதழிலிருந்து ஒரு படத்தை வெட்டி எடுத்து, லயத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். எம். ராஜாமணியின் படம். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். அதே போட்டியில் 100, 200, 4x100 மூன்றிலும் தங்கம் கொண்டுவந்தவர் எம். ஜெகதீசன். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 வினாடியில் ஓடினார். அந்த மலேசியத் தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் அசையவில்லை. வேகம் வராத இனம் என்றால் இந்த நாட்டின் வேகச் சாதனை அரை நூற்றாண்டு யார் பெயரில் இருந்தது?

எனக்கும் இது நடந்ததுதான். 14 வயதில் மாவட்டத் தேர்வுக்குப் போனேன். பட்டியலோடு நின்றவர் என் பாதத்தைப் பார்த்தார். செம்மண் ஏறி வெடித்த பாதம். "எஸ்டேட் பிள்ளையா? நடந்து பழகின கால். நெடுந்தூரம் போடு" என்றார். இரண்டு வருடம் நெடுந்தூரம் ஓடினேன், ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. பிறகு வந்த ஆசிரியை ஒருவர் புல் திடலில் வெறுங்காலோடு என்னை 100 மீட்டர் ஓடச்சொல்லி நேரம் எடுத்தார்: 13.4. கடிகாரத்தை என் கண்ணுக்கு நேராகக் காட்டி, "இதைப் பார், வேறு யார் சொல்வதையும் கேட்காதே" என்றார். போன இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்தப் "பிறவி" கதையின் சாயம் அடிக்கடி வெளுத்திருக்கிறது. 1920-களில் நெடுந்தூர ஓட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். பாவோ நூர்மி மட்டும் 9 ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அப்போது அது அவர்கள் இரத்தத்தில் இருப்பதாகப் பேசினார்கள். இன்று அதே பேச்சு கென்யர்களைப் பற்றி. ஆசியன் 100 மீட்டரில் எடுபடமாட்டான் என்று பேசிக்கொண்டிருந்தபோது, 1.72 மீட்டர் உயரமுள்ள சீனரான சூ பிங்தியான் தோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் 9.83 ஓடினார்.

ஜமைக்கா ஏன் வேகமாக ஓடுகிறது? அங்கே 1910-இலிருந்து பள்ளிகளுக்கிடையே ஓட்டப்போட்டி நடக்கிறது. ஊரே அரங்கில் திரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கத்துகிறது. பத்து வயதிலேயே யார் வேகம் என்று கண்டுபிடித்து வளர்க்கிறார்கள். "அவங்களுக்குப் பிறவி" என்றால் அந்தப் பிள்ளை சிந்திய வியர்வைக்கும் மரியாதை இல்லை. பாராட்டு மாதிரி இருந்தாலும் அதுவும் ஒரு திருட்டுதான்.

உடம்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேகமாகச் சுருங்கும் தசை இழை சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. ஆனால் அந்த வித்தியாசம் ஒரே வகுப்பில், ஏன் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளேயே இருக்கிறது. "வேக மரபணு" என்று பேசுகிறார்களே, ஏ.சி.டி.என்.3, அதன் வேக வடிவம் உலக மக்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வரிடம் ஒரு பிரதியாவது இருக்கிறது. அதை வைத்து ஓர் இனத்தை முன்னே தள்ளவும் முடியாது, இன்னொன்றைப் பின்னே தள்ளவும் முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: திடலில் 30 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். நன்றாக உடம்பைச் சூடாக்கியபின் மூன்று முறை ஓடச்சொல்லுங்கள், நடுவில் நாலு நிமிடம் ஓய்வு. தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஆறு வாரம் எழுதிய அந்த நோட்டோடு பயிற்றுநரைப் பாருங்கள். சண்டை வேண்டாம். "சார், ஒரு தடவை நீங்களே நேரம் எடுத்துப் பாருங்க" என்றால் போதும். அதற்கும் மசியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நானே கடிகாரத்தோடு வருகிறேன்.

கேள்வி: எனக்கு 15 வயது. காற்பந்தில் மிட்ஃபீல்டில் ஆட ஆசை. "நீ கறுப்பா, கட்டுமஸ்தா இருக்கே, தற்காப்பில நில்லு. நடுவுல ஆட மூளை வேணும்" என்கிறார் கோச்.
*ஒரு மாணவன், தாப்பா*

பதில்: தம்பி, அந்த வார்த்தை உன்னைச் சுட்டிருக்கும். அமெரிக்கக் காற்பந்தில் ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் இடம் கறுப்பின வீரர்களுக்குப் பல்லாண்டு எட்டாக்கனியாக இருந்தது. அவர்களுக்கு உடம்பு, மற்றவர்களுக்கு மூளை என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1988-இல் அந்த ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில், கறுப்பினக் குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ் இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் (நம்ம கோல் மாதிரி) பந்து வீசி அணியை வெல்ல வைத்தார்.

இந்தப் பேச்சு ஆட்டத்தையே கெடுக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1999-இல் வந்த ஓர் ஆய்வில் மாணவர்களைக் கோல்ஃப் பந்து தட்டவைத்தார்கள். "இது விளையாட்டு அறிவைச் சோதிப்பது" என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் தடுமாறினார்கள். "இது இயற்கையான உடல்திறனைச் சோதிப்பது" என்றபோது வெள்ளையர்கள் தடுமாறினார்கள். தட்டியது ஒரே பந்து, ஒரே குழி. அதனால் அந்த வார்த்தையைத் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. தற்காப்பில் நிற்கும்போதே பந்து வாங்குமுன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துப் பழகு. பயிற்சி ஆட்டத்தில் பத்து நிமிடம் நடுவில் விடச்சொல்லிக் கேள்.

கேள்வி: பூப்பந்து சீனர்கள் ஆட்டம்தானே? என் பையனைச் சேர்த்துப் பயன் உண்டா?
*ஒரு தந்தை, பீடோர்*

பதில்: 2022 காமன்வெல்த் போட்டியில் பெர்லி டானோடு சேர்ந்து இரட்டையர் தங்கம் வாங்கியவர் நம் எம். தீனா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 2021-இல் எஸ். கிசோனா ஓர் ஆட்டத்தில் தோற்றபோது அவருடைய இனத்தைச் சொல்லி ஏசினார்கள். அந்தப் பெண் மறுபடியும் மட்டையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார்.

பூப்பந்துக்கு மண்டபம் வேண்டும், வாடகை வேண்டும், இறகுப்பந்துக்கே செலவு அதிகம். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தூரமாக இருந்தது. அதைத்தான் இனம் என்று நினைத்துவிட்டோம். நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து மண்டப வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே. வரும் சனிக்கிழமையே ஆரம்பியுங்கள்.