மாமனாரின் இருமல் குழந்தைக்கு ஒட்டுமா?

கேள்வி: என் மாமனாருக்கு 66 வயது. இளவயதிலிருந்தே பீடி பிடிப்பவர். மூன்று நான்கு வருடமாக ஐப்பசியில் ஆரம்பிக்கும் இருமலும் சளியும் தை முடிந்தால்தான் அடங்குகிறது. ‘பிராங்கைட்டிஸ்’ என்றார் டாக்டர். போன வாரம் என் கணவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தது. அவருக்கும் அதே பெயரைத்தான் சொன்னார்கள். பயந்துபோய் மாமாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டேன். 8 மாதக் குழந்தையையும் அவரிடம் கொடுப்பதில்லை. பாவம், எதுவும் பேசாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். இது ஒட்டுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கணவருடையது ஒட்டும், அம்மா. மாமனாருடையது ஒட்டாது. நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பது தவறான ஆளை.

பிராங்கைட்டிஸ் என்றால் மூச்சுக்குழாய் அழற்சி; அதில் இரண்டு வகை உண்டு. கணவருக்கு வந்திருப்பது திடீரென வரும் வகை. ஜலதோஷம், ஃபுளூ போன்றவற்றைத் தரும் வைரஸ்கள்தான் பெரும்பாலும் காரணம். இருமும்போது தெறிக்கும் துளியிலும், மூக்கைத் துடைத்த கையிலும் அந்த வைரஸ் அடுத்தவருக்குப் போகும். போனாலும் எல்லாருக்கும் நெஞ்சுச் சளி பிடிக்காது. சிலருக்கு வெறும் மூக்கொழுகலோடு போய்விடும். முதல் சில நாட்களில்தான் அதிகம் பரவும். இருமல் மட்டும் 3 வாரம் வரை இழுக்கலாம். அதற்காக மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

மாமனாருடையது நாள்பட்டது. வருடத்தில் 3 மாதமாவது சளியோடு இருமல், அதுவும் அடுத்தடுத்து 2 வருடம் இருந்தால் அப்படிச் சொல்வோம். பல வருடப் பீடிப் புகை மூச்சுக்குழாயைப் புண்ணாக்கியதன் விளைவு அது. தட்டிலும் டம்ளரிலும் தொற்ற அதில் கிருமியே இல்லை. சொல்லப்போனால், மகனால் அப்பாவுக்குத்தான் ஆபத்து. ஏற்கெனவே பழுதான நுரையீரலில் ஒரு சாதாரண ஜலதோஷ வைரஸ் புகுந்தாலே மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிடும். இந்த வாரம் முகக்கவசம் போட வேண்டியவர், தனியாகப் படுக்க வேண்டியவர் உங்கள் கணவர். மாமனாருக்குச் சளி திடீரென அதிகமானாலோ, நிறம் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்கு அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். வருடா வருடம் ஃபுளூ தடுப்பூசி போடுவது பற்றியும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் உடனே செய்ய வேண்டும். அவருக்கு எப்போதாவது சளிப் பரிசோதனை செய்தீர்களா? “பீடி இருமல்தானே” என்று வருடக்கணக்கில் விட்டுவிட்டு, கடைசியில் காசநோய் என்று தெரியவரும் குடும்பங்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்; எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். காசநோய்கூடக் காற்றில்தான் பரவுமே தவிர, தட்டு டம்ளரால் பரவாது. அதனால் அவற்றை இன்றே பழைய இடத்தில் வையுங்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றதும் பேரனோ பேத்தியோ, தாராளமாகத் தாத்தா மடியில் விடுங்கள்.

பீடியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். இத்தனை வயதுக்குப் பிறகு எதற்கு என்பார். இப்போது விட்டாலும் நுரையீரல் மேலும் கெடுவது மெதுவாகும். வீட்டுக்குள் புகை இல்லாவிட்டால் குழந்தைக்கும் நல்லது. நம் பக்கத்தில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அந்த வேலை நடந்தால், குழந்தை தூங்கும் அறையில் முறத்தை வைக்காதீர்கள். புகையிலைத் தூளும் மூச்சுக்குழாயை உறுத்தும்.

குழந்தைக்குச் சளி பிடித்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் கொடுக்கக் கூடாது. அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பாருங்கள். 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, நடு ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.