வேலை பழக்குறது பற்றி கேளுங்க, பதில் சொல்றன்

கொழும்பில கடை, ஸ்டோர்ஸ், ஒபிஸ் எண்டு ஆக்களுக்கு வேலை பழக்கியே எனக்கு பத்து வருஷத்துக்கு மேல போயிட்டுது. போன், கம்பியூட்டர் வச்சு பழக்குறதில என்ன சந்தேகமெண்டாலும் கேளுங்க.

வெள்ளவத்தை, சுப்பர்மார்க்கட்: அக்கா, புதுசா வந்த பிள்ளைகளுக்கு ரெண்டு மணித்தியால வீடியோ காட்டினம். அடுத்த கிழமை ரிட்டர்ன் பில் போடத் தெரியாம முழிக்கிறாங்க.

பிள்ளைகள்ல பிழை இல்ல. எபிங்ஹாஸ் எண்ட ஜேர்மன்காரர் 1885லயே தன்னையே வச்சு சோதிச்சு எழுதிட்டார், பாடமாக்கினதில பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளயே போயிடும், பிறகுதான் மறக்குற வேகம் குறையும் எண்டு. 2006ல ரோடிகர், கார்ப்பிக் எண்ட ரெண்டு உளவியல் ஆய்வாளர்களும் செய்த ஆய்வில, திரும்பத் திரும்ப வாசிச்ச மாணவர்கள் அஞ்சு நிமிஷம் கழிச்சு கேக்கேக்க நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு கிழமை கழிச்சு கேட்டா, ஒருக்கா வாசிச்சிட்டு பாக்காம எழுதிப் பார்த்தவங்கதான் முன்னுக்கு நிண்டாங்க. அதால அந்த வீடியோவ மூண்டு நிமிஷத் துண்டா வெட்டுங்க, ரிட்டர்னுக்கு ஒண்டு, வவுச்சருக்கு ஒண்டு, கார்ட் கான்சலுக்கு ஒண்டு. பார்த்து முடிய போனில மூண்டே மூண்டு கேள்வி, அதையே அடுத்த நாளும் நாலாம் நாளும் ரெண்டு கிழமையிலயும் திரும்ப கேளுங்க. பில் மெஷினில ட்ரெயினிங் மோட் இருந்தா, பிழையா அடிச்சுப் பார்க்க விடுங்க, கஸ்டமருக்கு முன்னால பிழைக்கிறத விட அது எவ்வளவோ மேல்.

புறக்கோட்டை, ஹோல்சேல் கடை: எங்களிட்ட 14 பேர். மூடில் (Moodle) எண்ட ஒன்லைன் பாடம் நடத்துற சொஃப்ட்வெயர் போடணுமா, வட்ஸ்அப் காணுமா?

வட்ஸ்அப் காணும். ஆனா கதைக்கிற குரூப்பில போட வேணாம், குட் மோர்னிங் படத்துக்குள்ள புதைஞ்சு போயிடும், அட்மின் மட்டும் போடுற மாதிரி தனி குரூப் ஒண்டு துறங்க. மூடில் சொஃப்ட்வெயர் இலவசம்தான், ஆனா சேர்வரையும் அதைப் பராமரிக்க ஒரு ஆளையும் நீங்கதான் பார்க்கணும்.

கொட்டாஞ்சேனை, எச்ஆர்: தமிழ் நோட்ஸ் அனுப்பினா போனில வெறும் இங்கிலிஷ் எழுத்தா வருதாம்.

பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில டைப் பண்ணியிருப்பாங்க. அந்த எழுத்துரு இல்லாத போனில அப்படித்தான் தெரியும். எல்லாப் போனிலயும் தமிழாவே தெரியிற யூனிகோட் முறைக்கு மாத்திட்டு ஒருக்கா வடிவா வாசிச்சுப் பார்த்து அனுப்புங்க. சிங்களத்தில மட்டும் குடுத்திட்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளங்கேல்ல எண்டு சொல்ற இடங்களும் இருக்கு, அது எனக்கு உண்மையிலேயே கவலை.

கொள்ளுப்பிட்டி, ஒபிஸ்: எல்லாரும் கோர்ஸ் முடிச்சிட்டாங்க எண்டு ரிப்போர்ட் வருது, வேலையில மாற்றம் ஒண்டும் இல்லயே?

முடிச்சது எண்டா கடைசிப் பக்கம் வரைக்கும் அமத்தினது, அவ்வளவுதான். கிர்க்பாட்ரிக் எண்ட அமெரிக்கர் 1959லயே ட்ரெயினிங்கின்ர பலன அளக்குறத நாலு படியா பிரிச்சு வச்சிட்டார்: பிடிச்சுதா, படிச்சாங்களா, வேலையில செய்றாங்களா, பலன் வந்துதா. நீங்க மூண்டாவதப் பாருங்க, ட்ரெயினிங்குக்கு முந்தின மாதம் எத்தின இன்வொய்ஸ் பிழைச்சுது, இப்ப எத்தின?

மருதானை, சுப்பர்வைசர்: வீட்ட போய் பாருங்க எண்டு லிங்க் அனுப்பலாமா?

வேணாம். இரவு எட்டு மணிக்கு அவிசாவளை பஸ்ஸில நிண்டுகொண்டு போற பிள்ளை, தன்ர டேட்டாவில, தன்ர நித்திரையில உங்கட வேலையப் படிக்கணுமா? ஷிஃப்ட்டுக்குள்ளயே 15 நிமிஷம் ஒதுக்குங்க, கடை வைஃபைய குடுங்க, காலமை ஆக்கள் குறைஞ்ச நேரமா பார்த்து வைங்க.