சிடி ஸ்கேன் எடுத்த பிறகும் எம்ஆர்ஐ ஸ்கேன் எதற்கு?

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய், கதிர்வீச்சுக்காக சிடி எடுத்தாகிவிட்டது, இப்போது எம்ஆர்ஐயும் கேட்கிறார்கள், வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை, தயங்காமல் எடுங்கள்.

கதிர் உடலுக்குள் எங்கே எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட சிடி வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் ப்ராஸ்டேட் சுரப்பியும் சுற்றியுள்ள தசையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். சுரப்பியின் கீழ்நுனி எங்கே முடிகிறது என்பதே சரியாகத் தெரியாது. அதனால் கதிர் பாய வேண்டிய எல்லையை சிடியை மட்டும் வைத்து வரைந்தால் சுரப்பி பெரும்பாலும் உள்ளதைவிடப் பெரிதாகிவிடும். பக்கத்திலுள்ள நல்ல திசுவும் கதிர் வாங்கும். எம்ஆர்ஐயில் சுரப்பியின் உறை மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். கட்டியும் பெரும்பாலும் கருமையாகத் தனித்துத் தெரியும். அந்தப் படத்தை சிடி மேல் பொருத்தித்தான் எல்லை வரைகிறார்கள்.

அப்புறம், கதிர் பாயும்போதே எம்ஆர்ஐ பார்க்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. மலக்குடலில் கொஞ்சம் வாயு சேர்ந்தாலே ப்ராஸ்டேட் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அது கண்ணில் பட்டால், இந்த நகர்வுக்காகச் சுரப்பியைச் சுற்றிக் கூடுதலாகச் சேர்த்து வைக்கும் ஓரத்தைக் குறைக்கலாம். சிடி வழிகாட்டலையும் எம்ஆர்ஐ வழிகாட்டலையும் ஒப்பிட்டு லாஸ் ஏஞ்சலஸில் நடந்து 2023இல் வெளியான மிராஜ் ஆய்வில், அந்த ஓரம் சிடி வழிகாட்டலில் 4 மி.மீ., எம்ஆர்ஐயில் 2 மி.மீ. முதல் 3 மாதத்தில் மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட சிறுநீர்த் தொல்லை சிடி குழுவில் 43 சதவீதம் பேருக்கு வந்தது, எம்ஆர்ஐ குழுவில் 24 சதவீதம் பேருக்குத்தான். வலியோடு கழிப்பறைக்கு ஓடுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.