கடல் மேடைகள் அலைக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன?

கேள்வி: நடுக்கடலில் நிற்கும் எண்ணெய் மேடையை அலை என்ன செய்யும் என்று எப்படி முன்கூட்டியே கணிக்கிறார்கள்?

அலை, காற்று, நீரோட்டம் எல்லாம் தள்ளும்போது மேடை எவ்வளவு ஆடும், எந்த இணைப்பு முதலில் சோர்ந்துபோகும் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

இதில் அலையின் உயரத்துக்கு இணையாக அதன் தாளமும் முக்கியம். ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அது போய்த் திரும்ப ஒரு நேரம் பிடிக்கும். அதற்கு ஒத்துத் தள்ளினால் சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரே போகும். தாளம் தப்பினால் கை வலிதான் மிச்சம். மேடைக்கும் அப்படியொரு சொந்த ஆட்ட நேரம் உண்டு. பெரும்புயல் அலைகள் பெரும்பாலும் 10 முதல் 15 விநாடிக்கு ஒன்றாக வரும். மேடையின் நேரம் அதன் பக்கத்தில் போய்விடக் கூடாது.

மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 412 மீட்டர் ஆழத்தில் 1988-இல் நிறுவிய புல்விங்கிள் மேடையைப் போல விறைப்பாகக் கட்டினால், ஒருமுறை ஆடித் திரும்பச் சில விநாடிதான் பிடிக்கும். இன்னும் ஆழம் என்றால் இரும்புச் செலவு கட்டுப்படியாகாது. அப்புறம்தான் அதே வளைகுடாவின் பெட்ரோனியஸ் போன்ற ஒல்லியான கோபுரங்கள். இந்தக் கோபுரங்கள் அலையைவிட மெதுவாக, ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஆடும்.

கணினிக் கணக்கோடு விடுவதில்லை, அலைத் தொட்டியில் மாதிரி வைத்தும் பார்ப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நூறில் ஒரு பங்கு மாதிரிக்கு நேரம் பத்தில் ஒரு பங்காகத்தான் சுருங்கும்: 10 விநாடி அலைக்கு 1 விநாடி அலை.

சரி, மேடை ஆடினால் கட்டுமானம் பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆட்டத்தையும் கணக்கில் வைத்துத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.