துணிச்சலுக்கு அடியில் ஐந்து பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து பற்றிய உங்கள் குறிப்பில், டெட்ராய்ட் லயன்ஸ் அணி 2023இல் முப்பது வருடம் கழித்து டிவிஷன் (நான்கு அணிகள் கொண்ட பிரிவு) வென்றதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தீர்கள். அந்த சீசனின் சுருக்கக் காட்சிகளைத் தேடிப் பார்த்தேன். பயிற்சியாளர் டான் கேம்ப்பெல் நான்காவது டவுனில், அதாவது பந்தை நகர்த்தும் கடைசி வாய்ப்பில், பந்தை உதைக்கச் சொல்லாமல் துணிந்து ஆடவிட்டார், அதனால் ஜெயித்தார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 2021இல் 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன் என்று கிடந்தபோதும் அதே கேம்ப்பெல்தானே பயிற்சியாளர்? அப்போது அந்தத் துணிச்சல் எங்கே போனது?

டிவிஷன் வென்றதற்கு ஏன் அவ்வளவு கொண்டாட்டம் என்பதும் புரியவில்லை. கோப்பை இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறதே? டல்லாஸில் அவர்கள் எடுத்த இரண்டு புள்ளி ஏன் செல்லாமல் போனது என்பதையும் விளக்கினால் நல்லது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

துணிச்சல் எங்கேயும் போகவில்லை. 2021லும் கேம்ப்பெல் நான்காவது டவுனில் அப்படித்தான் ஆடினார். அன்று கைகொடுக்காதது 2023இல் ஏன் கைகொடுத்தது என்பதுதான் சரியான கேள்வி. அதற்கு முன் டிவிஷன் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

மொத்தம் 32 அணிகள். 16 அணிகள் கொண்ட இரண்டு கான்ஃபரன்ஸ் (என்.எஃப்.சி., ஏ.எஃப்.சி.), ஒவ்வொன்றிலும் நான்கு அணி கொண்ட நான்கு டிவிஷன். லயன்ஸ் இருப்பது என்.எஃப்.சி. நார்த்தில். கூட இருப்பவர்கள் கிரீன் பே பேக்கர்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ், சிகாகோ பேர்ஸ். இந்த மூவரோடு தலா இரண்டு முறை மோதினால் ஆறு ஆட்டம். முறை வைத்துச் சுற்றிவரும் இரண்டு டிவிஷன்களோடு நான்கு நான்காக எட்டு. 2023இல் அவை என்.எஃப்.சி. சவுத்தும் ஏ.எஃப்.சி. வெஸ்டும். மீதி மூன்று, முந்தைய வருடம் தங்கள் டிவிஷனில் அதே இடம் பிடித்த அணிகளோடு. 2022இல் லயன்ஸ் இரண்டாமிடம். ஆகவே இரண்டாமிடக்காரர்களான டல்லாஸ், சியாட்டில், பால்டிமோர் வந்து சேர்ந்தன. மூன்றிலும் தோற்றார்கள் என்பது வேறு கதை.

டிவிஷன் வென்றால் பிளேஆஃபில், அதாவது தோற்றால் வெளியேறும் இறுதிச் சுற்றுகளில், முதல் நான்கு தரவரிசைக்குள் இடம் உறுதி. முதல் இடத்துக்கு ஒரு வாரம் ஓய்வு, மற்ற மூன்று பேருக்கும் முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில். வெற்றிக் கணக்கு குறைவாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. அதே வருடம் 9 வெற்றி, 8 தோல்வி (9-8) எடுத்த டாம்பா பே டிவிஷன் வென்றதால் சொந்த மைதானத்தில் ஆடியது, 11-6 எடுத்த ஃபிலடெல்ஃபியா பயணம் போய்த் தோற்றது. லயன்ஸின் ஃபோர்டு ஃபீல்டு திறந்தது 2002இல். அதுவரை அங்கே லயன்ஸ் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. கடைசியாக 1993 சீசனில் டிவிஷன் வென்றபோது அவர்கள் வேறு மைதானத்தில் இருந்தார்கள், டிவிஷனுக்கே வேறு பெயர். நடுவே 2008இல் 16 ஆட்டத்திலும் தோற்ற கொடுமையும் உண்டு. கொண்டாட்டத்தின் கணக்கு இதுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. அதன் பதில் 2021 ஜனவரியில் தொடங்குகிறது. பன்னிரண்டு சீசன் டெட்ராய்டில் ஆடி ஒரு பிளேஆஃப் வெற்றிகூடக் காணாத குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மாத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவை: ஜேரெட் காஃப் என்ற குவார்ட்டர்பேக், 2021 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் நிகழ்வு) ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு, 2022இலும் 2023இலும் தலா ஒரு முதல் சுற்று வாய்ப்பு. ராம்ஸ் ஸ்டாஃபர்டோடு உடனே சூப்பர் பவுல் கோப்பையை ஜெயித்ததால் 2022 வாய்ப்பு முதல் சுற்றின் கடைசி இடத்துக்கு, 32க்கு, இறங்கியது. அதை மற்ற வாய்ப்புகளோடு சேர்த்துக் கொடுத்து 12க்கு ஏறி ஜேம்சன் வில்லியம்ஸை எடுத்தார்கள். அடுத்த வருடம் ராம்ஸ் 5-12 என்று சரிந்ததும் இரண்டாவது வாய்ப்பு 6ஆக மேலேறியது.

பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் அந்த 6ஐ வைத்துக்கொள்ளவில்லை. 6ஐயும் 81ஐயும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 வாங்கினார். 12இல் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஜமீர் கிப்ஸ், 34இல் டைட் எண்டு (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) சாம் லபோர்ட்டா. முதல் சுற்றில் ரன்னிங் பேக்கா என்று அன்று பலரும் சிரித்தார்கள். கிப்ஸ் அந்த வருடம் 182 ஓட்டத்தில் 945 யார்டு. லபோர்ட்டா 86 கேட்ச், 10 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது, 6 புள்ளி). முதல் வருட டைட் எண்டு எவரும் அதுவரை அத்தனை கேட்ச் பிடித்ததில்லை.

மூன்றாம் சுற்று வாய்ப்பு என்ன ஆயிற்று என்று பெரும்பாலோர் மறந்துபோனார்கள். அது 101வது இடம். அதில் வந்தவர் இஃபியாடு மெலிஃபான்வு. இரண்டு வருடம் காயமும் பெஞ்சுமாகப் போனது. 2023 டிசம்பர் 24, மினியாபொலிஸ். லயன்ஸ் 30-24 முன்னிலை, கடைசி நிமிடம், வைக்கிங்ஸ் கையில் பந்து. ஒரு டச்டவுன் போதும், ஆட்டம் கைமாறியிருக்கும். அவர்களின் குவார்ட்டர்பேக் நிக் முல்லன்ஸ் வீசிய பந்தை மெலிஃபான்வு பறித்தார். டிவிஷன் முடிவானது அந்த நொடியில். அன்று முல்லன்ஸ் 411 யார்டு எறிந்தார், நான்கு முறை பந்தைப் பறிகொடுத்தார். அந்த சீசன் முழுக்க லயன்ஸின் பின்வரிசைத் தற்காப்பு இப்படித்தான்: யார்டை வாரி வழங்கும், நடுவே ஒரு பந்தைப் பறிக்கும். அதை நல்ல தற்காப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது துணிச்சலுக்கு வருகிறேன். பத்து யார்டு நகர நான்கு வாய்ப்பு. மூன்றில் முடியாவிட்டால் நான்காவதில் பந்தை உதைத்து எதிரணியைத் தூரத்துக்குத் தள்ளுவது வழக்கம். உதைக்காமல் ஆடித் தோற்றால் பந்து அங்கேயே எதிரணிக்கு. ஆகவே நான்காவது டவுனில் 2 யார்டு தேவை என்றால், அந்த 2 யார்டு உறுதியாகக் கிடைக்குமா என்பதுதான் கணக்கு. அதைத் தருபவர்கள் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும், பந்தோடு ஓடாத ஐந்து பேர். இடமிருந்து டெய்லர் டெக்கர், ஜோனா ஜாக்சன், ஃபிராங்க் ராக்னோ, கிரஹாம் கிளாஸ்கோ, பெனே சூவல். இவர்களில் மூவர் லயன்ஸ் முதல் சுற்றில் எடுத்தவர்கள்: டெக்கர் 2016இல், ராக்னோ 2018இல், சூவல் 2021இல். முதல் இருவர், ஹோம்ஸும் கேம்ப்பெல்லும் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். இதையும் சொல்லிவிட வேண்டும், முந்தைய நிர்வாகத்தைத் திட்டுவது எளிது.

காஃப் ஓடத் தெரியாத குவார்ட்டர்பேக். நின்ற இடத்தில் இரண்டரை மூன்று நொடி கிடைத்தால் அற்புதமாக எறிவார். நெருக்கினால் பந்தைத் தவறவிடுவார். அவருக்காக அமைத்த ஆட்டம் இப்படிப் போகும்: முதலில் டேவிட் மான்ட்கோமரியையும் கிப்ஸையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு நடுவரிசைத் தற்காப்பாளர்களைப் பழக்குவார்கள். பிறகு அதே அசைவில் தொடங்கி, பந்தை ஓடுபவர் கையில் வைப்பதுபோல் வைத்து இழுத்துக்கொள்வார் காஃப். தற்காப்பாளர்கள் இரண்டடி முன்னால் வந்திருப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு பதினைந்து யார்டு தூரத்தில் ஒரு வெற்றிடம். அதில் குறுக்கே ஓடிவருவார் அமோன்-ரா செயின்ட் பிரவுன். அந்த வருடம் அவர் 119 கேட்ச், 1,515 யார்டு. இந்த ஏமாற்றில் காஃப் ஒரு நொடி தற்காப்புக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார். வரிசை உடைந்தால் அந்த நொடியிலேயே அடி விழும்.

சிகாகோவில் டிசம்பரில், வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ராக்னோ முழங்கால் காயத்தால் ஆடவில்லை. 28-13 தோல்வி. ஆறு நாள் கழித்து அவர் திரும்பினார். டென்வருக்கு எதிராக 42-17, காஃபுக்கு ஐந்து டச்டவுன். ஒரே ஆளை வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது என்பது தெரியும். பேர்ஸ் அன்று நன்றாகவும் ஆடினார்கள். ஆனால் சென்டர் இல்லாதபோது முதலில் கெடுவது காஃபின் நிதானம்தான்.

சுருக்கக் காட்சியில் தெரியாத இன்னொன்று இருக்கிறது. நான்காவது டவுனில் ஆடுவோம் என்று முன்பே முடிவெடுத்துவிட்டால் மூன்றாவது டவுனே மாறிவிடுகிறது. மூன்றாவதில் 6 யார்டு தேவையென்றால் மற்ற அணிகள் எறிந்தாக வேண்டும், தற்காப்பு அதற்கேற்ப பின்னால் நிற்கும். லயன்ஸோ 4 யார்டுக்கு ஓடலாம். மீதி 2 யார்டுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே. ஆட்டத்தை அமைத்த பென் ஜான்சனுக்கு இதனால் கிடைத்த சுதந்திரம், வெற்றிகரமாக ஆடிய நான்காவது டவுன்களின் எண்ணிக்கையில் தெரியாது.

லாஸ் ஏஞ்சலஸில் நவம்பர் 12 அன்று சார்ஜர்ஸோடு 38-38. மிச்சம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நான்காவது டவுன், தேவை 2 யார்டு, ஃபீல்டு கோல் அடிக்கும் தூரம். உதைத்து மூன்று புள்ளி எடுத்திருக்கலாம். எடுத்தால் பந்து சார்ஜர்ஸின் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் கைக்குப் போகும், அவருக்கு ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும். 38 புள்ளி கொடுத்த தற்காப்பை நம்பி அதைச் செய்வதா? காஃப் லபோர்ட்டாவுக்கு எறிந்தார், கிடைத்தது. நேரத்தை முழுசாகக் கரைத்துவிட்டுக் கடைசி உதையில் 41-38. துணிச்சல் என்று சொல்கிறார்கள். எனக்கு இது தன் தற்காப்பின் லட்சணம் தெரிந்தவர் எடுத்த பாதுகாப்பான முடிவாகத்தான் தெரிகிறது.

சீசனின் முதல் ஆட்டத்தில், நடப்புச் சாம்பியன் கேன்சஸ் சிட்டியின் மைதானத்தில், கேம்ப்பெல் தன் சொந்த 17 யார்டு கோட்டில் நின்று உதைப்பதுபோல் நடித்து பந்தை ஜேலன் ரீவ்ஸ்-மேபினிடம் கொடுத்து ஓடச் சொன்னாரே, அதைச் சூதாட்டம் என்றால் மறுக்கமாட்டேன். பிசகியிருந்தால் எதிரணிக்கு மூன்று புள்ளி தட்டில் வைத்த மாதிரி. பிசகவில்லை. பந்தைக் காப்பாற்றிக்கொண்ட அந்தத் தொடரின் முடிவில் டச்டவுன் வந்தது, ஆட்டம் 21-20.

டல்லாஸுக்கு வருகிறேன். டிசம்பர் 30, 23 நொடி மிச்சம். செயின்ட் பிரவுனின் டச்டவுனால் 20-19. டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன். கேம்ப்பெல் உதைக்காமல், 2 யார்டு கோட்டிலிருந்து பந்தை மறுபடி எல்லைக்குள் சேர்க்கும் இரண்டு புள்ளிக்குப் போனார். பந்து டெக்கருக்கு, பிடித்துவிட்டார். விதிமீறல் என்று நடுவரின் கொடி விழுந்தது.

விதி இது: 50 முதல் 79 வரையும் 90 முதல் 99 வரையும் எண் அணிந்தவர்கள் எறியும் பந்தைப் பிடிக்கக் கூடாது. பிடிக்க வேண்டுமென்றால் அந்த ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் நொடிக்கு) முன் நடுவரிடம் போய்த் தெரிவிக்க வேண்டும், நடுவர் அந்த எண்ணை அறிவிப்பார். அன்று எண் 68 டெக்கர், எண் 70 டான் ஸ்கிப்பர், எண் 58 சூவல் மூவரும் நடுவரை நோக்கி வந்தார்கள். யார் சொன்னார், யார் சும்மா வந்தார் என்று டல்லாஸ் குழம்பட்டும் என்பது திட்டம். ஆனால் குழம்பியது நடுவர். ஸ்கிப்பர் அதே ஆட்டத்தில் முன்பு பல முறை அப்படித் தெரிவித்திருந்தார். நடுவர் 70 என்று அறிவித்தார். டெக்கர் தெரிவித்தார் என்பது லயன்ஸ் தரப்பு, தெரிவித்தது 70தான் என்பது நடுவர் தரப்பு. அறிவிப்பில் இல்லாத ஆள் பிடித்ததால் செல்லாது. டெக்கரைக் கண்காணிக்க யாருமில்லாமல் போனதற்கும் அந்த அறிவிப்பே காரணம் என்பதைக் கொதிக்கும் ரசிகர்கள் கவனிப்பதில்லை.

என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில். தண்டனையால் தொடங்கும் இடம் 7 யார்டு கோட்டுக்குப் போனது. 7 யார்டிலிருந்து இரண்டு புள்ளி என்பது வேறு கணக்கு, ஐந்து பேரின் வலு அங்கே உதவாது. அப்போதே சமனுக்கு உதைத்திருக்க வேண்டும். மறுபடி எறிந்தார்கள், பந்து பறிபோனது. டல்லாஸ் ஆள் முன்கூட்டி நகர்ந்ததால் இன்னொரு வாய்ப்பு, மூன்றரை யார்டிலிருந்து. அதுவும் வீண்.

விலை என்ன? சான் ஃபிரான்சிஸ்கோ, டல்லாஸ், லயன்ஸ் மூன்றும் 12-5இல் முடித்தன. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்ப்பதுபோல் இங்கே முதலிடத்துக்குக் கான்ஃபரன்ஸுக்குள் வெற்றி தோல்வி பார்த்தார்கள்: சான் ஃபிரான்சிஸ்கோ 10-2, டல்லாஸ் 9-3, லயன்ஸ் 8-4. டல்லாஸிடம் தோற்றதால் லயன்ஸ் மூன்றாமிடம். ஸ்டாஃபர்டின் ராம்ஸை ஃபோர்டு ஃபீல்டில் 24-23 என்று வென்றார்கள், 1992 ஜனவரிக்குப் பிறகு முதல் பிளேஆஃப் வெற்றி. அடுத்ததும் வீட்டில்தான், ஏனென்றால் இரண்டாமிட டல்லாஸ் கிரீன் பேயிடம் தோற்றுப்போனது. கான்ஃபரன்ஸ் இறுதியாட்டம் மட்டும் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் மைதானத்தில். பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை, முடிவில் 34-31 தோல்வி. அதில் இரண்டு நான்காவது டவுன் தவறியது. முதலாவதில் 2 யார்டு தேவை, காஃபுக்கு நேரம் கிடைத்தது, பந்து ஜோஷ் ரெனால்ட்ஸின் கைக்கே வந்தது, நழுவிவிட்டது. இரண்டாவதில் தேவை 3 யார்டு, காஃபை நெருக்கிவிட்டார்கள். இரண்டையும் ஒரே ‘துணிச்சல்’ கணக்கில் எழுதுகிறார்கள். முதல் முடிவில் எனக்குக் குறையில்லை. இரண்டாவதில், மூன்று புள்ளி பின்தங்கி நின்ற நேரத்தில், உதைத்திருக்கலாம்.

சுருக்கக் காட்சிகளை விட்டுவிடுங்கள். டிசம்பர் 16 டென்வர் ஆட்டத்தின் முதல் பாதியை முழுசாகப் பாருங்கள். பந்தைப் பார்க்காமல் 77ஐயும் 58ஐயும் மட்டும், ராக்னோவும் சூவலும். ஸ்னாப் ஆனதும் அவர்களின் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது, எதிரே நிற்பவர் முன்னால் வருகிறாரா பின்னால் போகிறாரா என்று கவனியுங்கள். பத்துப் பதினைந்து ஸ்னாப்புக்குள் கிப்ஸ் ஓடப்போகும் இடம் உங்களுக்கே முன்கூட்டித் தெரியத் தொடங்கும்.