நாமே செய்யும் கேம்பிங் ட்ரெய்லருக்கு எந்தக் கீல் போடலாம்? கதவு வழியாகத் தண்ணீர் வராமல் எப்படித் தடுப்பது?

முதலில் கதவுச் சந்தை அடைக்கும் ரப்பரை முடிவு செய்யுங்கள், கீலை அப்புறம் வாங்கலாம். பெரும்பாலானவர்கள் பார்க்க நன்றாக இருக்கும் கீலை வாங்கி மாட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் சந்தில் எந்த ரப்பர் நுழையும் என்று கடைசியில் தேடுகிறார்கள். கதவை மூடும்போது ரப்பர் நேராக அமுங்குமா, இழுபட்டுக் கிழியுமா என்பதே கீல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான்.

நான் சியாட்டில் பக்கம் இருக்கிறேன். என் வண்டி டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவ) வகை: இரண்டு பேர் படுக்கலாம், பக்கத்துக்கு ஒரு கதவு, பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. அமெரிக்காவில் 1930களிலிருந்தே இதை வீட்டிலேயே செய்து ஓட்டுகிறார்கள். நாங்கள் அதிகம் போவது ஒலிம்பிக் தீபகற்பத்துக்கு. அங்கே ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. ராத்திரி முழுக்க விடாமல் பெய்யும், காலையில் மெத்தை ஓரம் ஈரமாக இருந்தால் அந்தப் பயணமே வீண்.

பக்கக் கதவைப் பற்றி முதலில். ரப்பரை வாசல் சட்டத்தின் உள்பக்க விளிம்பில் ஒட்டுகிறோம், கதவு வந்து அதன் மேல் அழுத்துகிறது. தாழ்ப்பாள் பக்கம் இதில் ஒரு தொல்லையும் இல்லை. கீல் பக்கம்தான் கவனம் வேண்டும். கீலின் அச்சு ரப்பரை ஒட்டியே இருந்து, கதவும் தடிமனாக இருந்தால், மூடும்போது கதவு ரப்பரை அமுக்காது, பக்கவாட்டில் தேய்த்து இழுக்கும். ரப்பர் உருண்டு மடங்கி, கொஞ்ச நாளில் பிய்ந்து வரும். அச்சை ரப்பரிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு நேராக அமுங்கும். அதனால் சுவரின் வெளிப்பக்கத்தில் மேலாக மாட்டும், நீளமான இலை (போல்ட் போடும் தகடு) உள்ள ஸ்டெயின்லெஸ் கீலைத்தான் நான் சொல்வேன். ரப்பரையும் கதவு ஓரத்திலிருந்து 25 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி ஒட்டுங்கள்.

ரப்பர் என்றால் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர், உள்ளே காலியாக இருக்கும் குழாய் மாதிரி வகை. வெயிலுக்கும் குளிருக்கும் தாங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதா ஸ்பாஞ்சுப் பட்டை வேண்டவே வேண்டாம், தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே கசிய விடும். குழாய் ரப்பர் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அமுங்க வேண்டும். அதாவது 12 மில்லிமீட்டர் ரப்பர் என்றால் கதவு மூடிய பிறகு 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி சட்டத்தை அமைக்க வேண்டும். அதற்கு மேல் அமுக்கினால் ரப்பர் பழைய உயரத்துக்குத் திரும்பாது, கதவை மூடவும் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும்.

கீல் எப்போதும் வண்டியின் முன்பக்கம் இருக்கட்டும். ஓடும்போது தாழ்ப்பாள் விட்டுப் போனாலும் எதிர்காற்று கதவை மூடியே வைத்திருக்கும். பின்பக்கம் கீல் இருந்தால் அதே காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு போகும்.

பிளைவுட்டில் வெறும் ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிடாதீர்கள். போல்ட்டை வெளியிலிருந்து உள்ளே ஊடுருவ விட்டு, உள்பக்கம் அகல வாஷரும் நட்டும் போடுங்கள். போல்ட் போகிற துளையைக் கொஞ்சம் பெரிதாகவே துளைத்து, எப்பாக்ஸிப் பசையால் நிரப்பி, அது இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளைத்தால் மரத்துக்குள் ஈரம் இறங்கவே வழியில்லை. இந்த ஒரு வேலைக்குச் சோம்பல் படாதீர்கள், பிளைவுட் உளுத்துப்போக ஆரம்பிப்பது ஸ்க்ரூ துளைகளிலிருந்துதான். வெளித்தோல் அலுமினியம் என்றால், கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிக்கும். கீலுக்கு அடியில் பியூட்டைல் டேப் (மெதுவான, ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து இறுக்கினால் இரண்டும் தொடாது, தண்ணீரும் போகாது. அந்த இடத்தில் சிலிக்கான் பூசாதீர்கள். பின்னால் கழற்றிச் சரிசெய்ய நினைத்தால், அது விட்டுப்போன படலத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

பின்பக்க மூடி தனிக் கதை. வண்டியின் முழு அகலத்துக்கும் ஒரே நீளக் கீல் தேவை என்பதால் பலர் பியானோ கீலைப் போடுகிறார்கள். அதன் கணுக்களுக்கு நடுவே இருக்கும் சந்துகள் வழியாகத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும், அதுவும் கூரைத் தண்ணீர் முழுக்க வழிந்து வரும் இடத்தில். இங்கே ஹரிக்கேன் கீல் என்று ஒன்று விற்கிறார்கள்: இரண்டு நீள அலுமினியப் பட்டைகள், ஒன்றின் கொக்கி மற்றொன்றின் பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டு சுழலும், நடுவில் சந்து கிடையாது. ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்கிற மாதிரி, கூரைத் தண்ணீர் மூடியின் மேல் வழிந்து போகும்படி அதை மாட்ட வேண்டும். இதிலும் இரண்டு முனைகளில் ஒழுகும். அதனால் கீலைப் பக்கச் சுவர் வரைக்கும் கொண்டுபோய், அங்கிருந்து மூடியின் இரு ஓரங்களிலும் கீழே வரை ஒரு சின்ன வாய்க்கால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பியானோ கீல் போட்டாயிற்று என்றால் கழற்ற வேண்டாம், கூரைப் பக்கம் மட்டும் இறுக்கிய ஒரு ஈ.பி.டி.எம். தாளைக் கீலின் மேல் மடித்துத் தொங்க விட்டால் போதும்.

பக்கக் கதவுக்கு மேலேயும் ஒரு வளைந்த அலுமினியப் பட்டையை வைத்துத் தண்ணீரை ஒதுக்கிவிடுங்கள். ரப்பரைத் தண்ணீர் தொடுவதற்கு முன்னாலேயே முக்கால்வாசி வெளியே போய்விட வேண்டும், மீறி வருவதைத்தான் ரப்பர் பார்த்துக்கொள்ளும். ரப்பர் தடுத்து நிறுத்தும் தண்ணீர் வடிய, வாசல் சட்டத்தின் அடியில், ரப்பருக்கு வெளியே, இரண்டு சின்ன வடிதுளைகள்.

சோதிக்க: ஒரு தாளை வாசல் சட்டத்தில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். லூசாக வருகிற இடத்தில் கீலுக்கு அடியில் தகடு வைத்தோ தாழ்ப்பாளை நகர்த்தியோ சரிசெய்யலாம். பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டே வரட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

மண் சாலையில் போகிறவர்கள் பின்பக்க மூடியின் அடி ஓரத்தை இன்னும் இறுக்கமாகச் செய்யுங்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் தூசியை உள்ளே இழுக்கும், மழை நுழையாத சந்தில்கூட தூசி நுழையும்.

காலையில் ஈரத்தைப் பார்த்தவுடன் ரப்பரைக் குறை சொல்லவும் வேண்டாம். இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சே குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படியும். மழை இல்லாத ராத்திரியிலும் ஈரம் இருந்தால் அது இதுதான். கதவு எவ்வளவுக்கு இறுக்கமோ அவ்வளவுக்குக் காற்றோட்டம் அவசியம்: கூரை வென்ட் கொஞ்சம், எதிர்ப்பக்க ஜன்னல் ஒரு விரல் அளவு, எந்தக் குளிரிலும் திறந்தே இருக்கட்டும். படுக்கும் இடத்தில் அடுப்பு பற்ற வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கண்டிப்பாக மாட்டுங்கள்.